கைமாறிய பங்குகள் – 14: நிமிடங்களை விற்றவர்கள்

1999 ஜூலையில் நெட்டுபோன் என்ற அமெரிக்க நிறுவனம் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டது. விலை 15 டாலர். நியூ ஜெர்சியில் ஹோவர்ட் ஜோனஸ் தொடங்கிய ஐடிடி நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தது அது. கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டிக்கொண்டு, உலகத்தின் மறுகோடியில் இருக்கும் சாதாரண டெலிபோனுக்குப் பேசலாம். கட்டணம் வழக்கமான ஐஎஸ்டி அழைப்பில் ஒரு சிறு பங்குதான். 2000 மார்ச் கடைசியில் ஏடி அண்ட் டி அதில் பங்கு வாங்கச் சம்மதித்தபோது பேசிய விலை, பங்குக்கு 75 டாலர். மொத்தம் 140 கோடி டாலர். 2006ல் ஐடிடி மிச்சப் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது பங்குக்குக் கொடுத்தது 2 டாலர் 5 சென்ட்.

டாட்காம் குமிழி உடைந்தது, அதோடு இதுவும் போயிற்று என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் காரணம்தான். குமிழி உடைந்த பிறகும் இணையம் வழியாகப் போன அழைப்புகள் பெருகிக்கொண்டேதான் இருந்தன. வாடிக்கையாளர் வந்தார், நிமிடங்கள் ஏறின, பங்கு மட்டும் எழவில்லை. முதலீடு செய்கிறவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

இப்படிப்பட்ட இணையத் தொலைபேசி நிறுவனங்களின் வருமானம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து ஒருவர் இந்தியாவுக்குப் பேசினால், அந்த அழைப்பை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதற்காக அமெரிக்கக் கம்பெனி, அப்போது வெளிநாட்டு அழைப்புகளை ஏகபோகமாக நடத்திய நம் அரசு நிறுவனம் விஎஸ்என்எல்லுக்கு நிமிடக் கணக்கில் ஒரு தொகை கட்ட வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அது நிமிடத்துக்கு அரை டாலருக்கும் மேல். ஆசியாவின் ஏழை நாடுகள் பலவற்றுக்கு இந்தத் தொகை நல்ல அந்நியச் செலாவணி வரவு. ஆனால் குரலைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்ப ஆகும் உண்மைச் செலவோ மிகக் குறைவு. அரசு வைத்த விலைக்கும் உண்மைச் செலவுக்கும் நடுவே இருந்த அந்த அகலமான இடைவெளிதான் இவர்களுடைய சரக்கு. நெட்டுபோன், டெல்டாத்ரீ, ஐபேசிஸ், ஐடிஎக்ஸ்சி நான்கும் 1999ல் சில மாத இடைவெளியில் பங்குச் சந்தைக்கு வந்தன. தொழில்நுட்பப் பங்கு என்று நம்பி வாங்கியவர்கள் கையில் இருந்தது அந்த இடைவெளியின் மீதான ஒரு பந்தயம்.

இடைவெளி சுருங்கப்போகிறது என்பது ரகசியமாகவும் இல்லை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1997 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டுவிட்டது: பணக்கார நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர நாடுகளுக்கு 19, ஏழை நாடுகளுக்கு 23 சென்ட், சில ஆண்டுகளுக்குள் அழைப்பைச் சேர்க்கக் கட்டும் தொகை இந்த வரம்புக்கு இறங்க வேண்டும். பங்கு வெளியீடுகள் வந்ததோ அதற்கு இரண்டு ஆண்டு கழித்து!

இந்தியாவில் நடந்தது இன்னும் பொருத்தமான பாடம். அரை டாலர் வரவைக் காப்பாற்ற இணையத் தொலைபேசியைத் தடை செய்திருந்தார்கள். தடையை மீறிப் பிரவுசிங் சென்டர்களில் காலிங் கார்டு விற்றது அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் பேசிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். ஐஎஸ்டி பூத்தில் அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு 60 ரூபாயை ஒட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். 2002 ஏப்ரல் 1 அன்று தடை நீங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் காத்திருந்த கதவு திறந்துவிட்டது. ஆனால் அதே ஏப்ரலில்தான் விஎஸ்என்எல்லின் ஏகபோகமும் முடிந்து, வெளிநாட்டு அழைப்புச் சந்தையில் தனியார் போட்டி தொடங்கியது. சில ஆண்டுகளில் ஐஎஸ்டி கட்டணம் ஒற்றை இலக்க ரூபாய்க்கு வந்துவிட்டது. சட்டப்படி நுழைய வழி பிறந்த நேரத்தில், நுழைந்து சம்பாதிக்கும் இடம் கரையத் தொடங்கியிருந்தது. தடை நீங்கியதிலும் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது: கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு டெலிபோனுக்குப் பேசலாம் என்றார்கள், உள்நாட்டு டெலிபோனில் மணி அடிக்க வைக்க அனுமதி தரவில்லை. சட்டவிரோத டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தியவர்கள் கைது, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சிம் பாக்ஸ் பறிமுதல் என்று இன்றும் நம் நாளிதழ்களில் வரும் செய்திகளுக்கு வேர் இந்த அனுமதிச் சிக்கலில்தான் இருக்கிறது.

மற்ற நாடுகளிலும் கதவின் சாவி அரசிடமோ பெரிய டெலிபோன் கம்பெனியிடமோதான் இருந்தது. 2005ல் ஷென்சென் நகரில் சைனா டெலிகாம் ஸ்கைப்பின் கட்டண அழைப்புகளைத் தடுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையத் தொலைபேசிச் சேவையை நடத்தும் உரிமை எடிசலாட், டு ஆகிய இரண்டு உள்ளூர் கம்பெனிகளின் கைக்குப் போனது.

ஜெயித்தவரே இல்லையா என்றால், இருக்கிறார். ஜப்பானில் சாஃப்ட்பேங்க் 2001ல் யாஹூ பிபி என்ற பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதன்மேல் பிபி போன் என்ற டெலிபோனையும் கொடுத்தது. ஜப்பான் முழுக்க மூன்று நிமிடத்துக்கு 7.5 யென், அமெரிக்காவுக்கும் அதே விலை. சாஃப்ட்பேங்க் தலைவர் மசாயோஷி சன் அப்போது பெரிய நஷ்டத்தில் ஓட்டினார் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் வரும் இணைப்பு அவருடையது. மாதச் சந்தா இணைப்புக்கு வந்தது. பேச்சு அதோடு சேர்த்துக் கொடுக்கும் வசதி. நிமிடத்தை மட்டும் விற்ற சிறு நிறுவனங்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடையாது. விலை இறங்க இறங்க, அவர்கள் இரண்டு மடங்கு நிமிடம் விற்றாலும் பழைய வருமானம் வரவில்லை.

ஐடிஎக்ஸ்சியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பல நாடுகளில் உள்ளூர்க் கூட்டாளிகளைச் சேர்த்து வலைப்பின்னல் கட்டிய கெட்டிக்கார நிறுவனம். 1999 செப்டம்பரில் பங்கு ஒன்று 12 டாலருக்கு வந்தது. 2004ல் கனடாவின் டெலிகுளோபுடன் இணைந்தது. அந்த டெலிகுளோபை 23.9 கோடி டாலருக்கு வாங்கி 2006ல் முடித்தது யார் தெரியுமா? டாடா கைக்குப் போயிருந்த நம் விஎஸ்என்எல்! நிமிடத்துக்கு அரை டாலர் வாங்கிய அதே நிறுவனம். இன்று டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று நாம் அறிவது அதைத்தான். அமெரிக்க முதலீட்டாளர்களின் பணத்தில் கட்டிய வலைப்பின்னல் மலிவு விலையில் மும்பைக்கு வந்து சேர்ந்தது.

இணையம் வழியாகப் பேசும் வசதி தோற்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாம் காசில்லாமல் டொராண்டோக்காரரோடு பேசுகிறோமே, இந்தத் தொழில்நுட்பம் மக்களுக்குக் கொடுத்த வரம் அது. லாபம் முழுவதும் பேசுகிறவருக்குப் போய்விட்டது, பங்கு வைத்திருந்தவருக்கு மிஞ்சவில்லை.

இப்போது நம் ஊரிலிருந்தே மொபைல் ஆப் மூலம் அமெரிக்கப் பங்கு வாங்க முடிகிறது. ‘ஆசியச் சந்தையில் விரிவடையும் சிறு நிறுவனம்’ என்று எதையாவது யாராவது சிபாரிசு செய்தால், வாங்குமுன் அதன் ஆண்டறிக்கையில் அபாயங்கள் பற்றிய பகுதியை முழுதாகப் படியுங்கள். எந்த நாட்டில் லைசென்ஸ் இருக்கிறது, எங்கே இல்லை, விலையை நிர்ணயிப்பது யார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். 1999ல் பங்கு வெளியிட்ட இணையத் தொலைபேசி நிறுவனங்களும், தங்கள் சேவை சில நாடுகளில் தடை செய்யப்பட்டது என்பதைத் தங்கள் ஆவணங்களில் எழுதித்தான் வைத்திருந்தன.