தொடர்பு அறுந்தால் விமானம் என்ன செய்யும்?

மாதிரி விமானத்துக்கான ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவியை வாங்க முற்படுவோர், அதில் எத்தனை சேனல்கள் உள்ளன என்பதையே பெரும்பாலும் முதலில் கேட்கின்றனர். திராட்டில், எலிவேட்டர், ரட்டர், எய்லரான் எனத் தனித்தனியே இயக்கவேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல் தேவைப்படுவதால் அக்கேள்வியில் பொருள் உண்டு. ஆயினும் பயிற்சி விமானத்துக்கு நான்கு சேனல்களே போதுமாகையால், தரையிலுள்ள டிரான்ஸ்மிட்டருக்கும் விமானத்திலுள்ள ரிசீவருக்கும் இடையிலான தொடர்பு அறுந்தால் என்ன நிகழும் என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வியாகும்.

பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் வழக்கிலிருந்த காலத்தில், ஒருவர் விமானம் பறந்துகொண்டிருக்கையில் அதே அலைவரிசையில் மற்றொருவர் டிரான்ஸ்மிட்டரை இயக்கிவிட்டால் அவ்விமானம் கட்டுப்பாடிழந்து விழும் என்பதால், அலைவரிசை எண் எழுதிய கிளிப்பைத் திடலிலுள்ள பலகையிலிருந்து எடுத்துத் தம்மிடம் வைத்திருப்பவரே கருவியை இயக்கலாம் என்ற ஒழுங்கைக் கழகங்கள் கடைப்பிடித்தன. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இந்த அச்சத்தைப் பெருமளவு நீக்கின. டிரான்ஸ்மிட்டரின் தனி அடையாள எண்ணை ரிசீவர் தன் நினைவகத்தில் பதித்துக்கொள்ளும் ‘பைண்டிங்’ முறையால், அது பிற டிரான்ஸ்மிட்டர்களின் ஆணைகளைப் பொருட்படுத்துவதில்லை.

எனினும், இடையூறு இப்போது விமானத்துக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், ரிசீவர் ஆண்டெனாவின் உணரும் முனையும் ஏறத்தாழ 31 மில்லிமீட்டரே இருக்கும்; அம்முனையைக் கார்பன் ஃபைபர் உடற்பகுதியோ பேட்டரியோ மறைத்தால் சைகை வலுவிழக்குமாதலால், இரு ஆண்டெனாக்கள் இருப்பின் அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைப்பர். இதனினும் கவனிக்கப்படாதது மின்வழங்கல்: விமானத்தின் அசையும் பகுதிகளை இயக்கும் சர்வோக்கள் பல ஒரே கணத்தில் இயங்கி மின்னழுத்தத்தைத் தாழ்த்தும்போது ரிசீவர் அணைந்து மறுபடி உயிர்பெறுவதுண்டு, வானில் அந்த ஓரிரு நொடிகள் விமானத்தை இழக்கப் போதுமானவை. ஆகவே, கூடுதல் சேனல்களுக்குச் செலவிடும் பணத்தைத் திறன்மிக்க ரிசீவர் பேட்டரிக்கோ மின்சீராக்கிக்கோ செலவிடுவதே அறிவுடைமை.

சைகை அறும்போது ரிசீவர் தானே மேற்கொள்ளும் நிலையை ‘ஃபெயில்சேஃப்’ என்பர். சில ரிசீவர்கள் இறுதியாகக் கிடைத்த ஆணையையே பற்றி நிற்பதால், முழு விசையில் சென்ற விமானம் அதே விசையில் ஆட்கள் நிற்கும் திசைக்கும் பாயக்கூடும். எஞ்சின் தன் குறைந்தபட்ச வேகத்துக்கு இறங்குமாறும், மின்மோட்டாராயின் முற்றிலும் நின்றுவிடுமாறும் இதை அமைத்தாகவேண்டும். பல கருவிகளில் இந்நிலை பைண்டிங்கின்போதே பதிவாவதால், பின்னர் திராட்டிலின் திசையை மாற்றியவர் மீண்டும் பைண்டிங் செய்யாவிடில், பழைய பதிவு இப்போது முழு விசையாகப் பொருள்படும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, விமானத்தை அசையாது பிடித்து, மோட்டாரை மெல்லச் சுழலவிட்டபின் டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இச்சோதனைக்கு மட்டுமே அவ்வாறு அணைக்கலாம். வழக்கத்தில் டிரான்ஸ்மிட்டரை முதலில் இயக்கி, கடைசியில் அணைப்பதே முறை. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், கருவியின் ஆற்றலைக் குறைக்கும் வசதியை இயக்கி, தயாரிப்பாளர் குறிப்பிடும் தொலைவு, பொதுவாக முப்பது அடிவைப்பு அளவு, விலகி நின்று, மோட்டார் நின்றிருக்கையிலும் ஓடுகையிலும் சர்வோக்கள் தயங்காமல் இயங்குகின்றனவா எனப் பார்க்கவேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் அவை நடுங்கினால், காரணத்தைக் கண்டு நீக்கும்வரை அவ்விமானத்தைப் பறக்கவிடலாகாது.