கீறல் விழுந்த பிளேட்டில் கேட்ட சோகப் பாட்டு!

சென்னையில் 60 வயதைத் தாண்டிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள். துள்ளல் பாட்டைச் சொல்கிறவர் குறைவு. காதலி கைவிட்டது, கணவன் சாகக் கிடப்பது, அண்ணன் தங்கையைப் பிரிந்தது... இப்படி ஓர் அழுகைப் பாட்டைத்தான் சொல்வார்கள்!

பத்து வயதுப் பையனுக்குக் காதல் தோல்வி எப்படிப் புரிந்தது? புரியவில்லை. மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். காரணம், கிராமபோன் பிளேட்டு.

கை தவறினால் தூள்

அந்தக் காலத்துப் பிளேட்டு அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் தூள்! நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு; மூன்று நிமிஷம் சொச்சத்தில் முடிந்துவிடும். உடனே யாராவது எழுந்து போய் முள்ளைத் தூக்க வேண்டும். சாவி தளர்ந்தால் பெண் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாக இழுக்கும். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வீட்டில் இருப்பதே ஏழெட்டுப் பிளேட்டு. அதையே திரும்பத் திரும்பப் போட்டால் எந்தப் பாட்டுதான் மனதில் ஒட்டாது?

அதிலும் சோகப் பாட்டுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. கல்யாண வீட்டில் ரேடியோ செட்காரர் தப்பித் தவறி அந்தப் பிளேட்டைப் போட்டால் போச்சு! "யார்றா அது, நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி வைக்கிறது?" என்று பெரிசுகள் பாய்ந்து வருவார்கள். அதனால் அது ராத்திரி, வேலையெல்லாம் முடிந்த பிறகு, வீட்டுக்குள் கேட்கிற பாட்டாயிற்று. பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். பிள்ளைகளா தூங்குவார்கள்?

தானாக எழும் விரல்

திருவல்லிக்கேணியில் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர். வயது 70-க்கு மேல். அவர் வீட்டில் இருந்தது 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்துப் பிளேட்டு. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவார். ஓர் இடத்தில் கீறல். முள் அங்கே போனதும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அம்மா எழுந்து வந்து விரலால் லேசாகத் தட்டிவிடுவார்.

இன்று பேரன் செல்போனில் அதே பாட்டைப் போட்டுத் தருகிறான். ஒரு கரகரப்பு இல்லை, சுத்தமாக ஓடுகிறது. ஆனால் அந்த இடம் வந்ததும் பெரியவரின் விரல் தானாக எழுந்துவிடுகிறது!

அம்மா இப்போது இல்லை. கிராமபோன் பெட்டியையும் எப்போதோ விற்றாகிவிட்டது. பிளேட்டு மட்டும் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் இருக்கிறது. "போட மெஷினே இல்லையே, எடைக்குப் போட்டுடலாமே மாமா" என்று மருமகள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம்.

பார்க்காமலே போனவர்

சோகப் பாட்டு என்றால் 'தேவதாஸ்' படத்தை விட முடியுமா? 1953-இல் வந்தது. கண்டசாலா பாடினார். தமிழில் தெலுங்கு வாடை அடித்தது, யார் கவலைப்பட்டார்கள்? படத்தோடு சேர்ந்து ஊரே அழுதது.

ஆனால் இசையமைத்த சி.ஆர்.சுப்பராமன் அதைப் பார்க்கவில்லை. 1952-லேயே, 30 வயதைக்கூடத் தொடாமல் கண்ணை மூடிவிட்டார். மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதன்-ராமமூர்த்தி. திருவல்லிக்கேணி பீரோவில் தூங்குகிற பிளேட்டுக்கு இசையும் இதே இருவர்தான்!

பழைய பிளேட்டு வேண்டும் என்றால் முன்பெல்லாம் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-இல் அது தீயில் போயிற்று. சென்ட்ரலில் புறநகர் ரயிலைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடுகிறார்களே, அந்த இடம்தான்!

இப்போது பிளேட்டுக்கு மறுபடியும் மவுசு. புது மெஷின்கூடக் கிடைக்கிறது. ஆனால் பல மெஷின்கள் 33, 45 சுற்றுக்குத்தான் லாயக்கு. 78-க்கு வேகமும் வேறு, முள்ளும் வேறு. விசாரித்துத்தான் வாங்க வேண்டும்.

திருவல்லிக்கேணிப் பெரியவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மருமகளுக்கு இன்னும் தெரியாது.