தைராய்டு மாத்திரையின் நீண்டகாலப் பயன்பாடு

லெவோதைராக்சின் என்பது தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதவர்கள் உட்கொள்ளும் மாத்திரையாகும். சுரப்பி இயல்பாகச் சுரக்கும் தைராக்சின் என்ற இயக்குநீரே இதில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு அடங்கியுள்ளது. தைராக்சினை 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்தார்.

தொடர்ந்து உட்கொள்வது ஏன்?

இம்மாத்திரை சுரப்பியைக் குணப்படுத்துவதில்லை. சுரப்பி தராததை ஈடுசெய்கிறது. எனவே ஹாஷிமோட்டோ நோயால் சுரப்பி பழுதடைந்தவர்களில் பெரும்பாலோருக்கும், அறுவை சிகிச்சையில் சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவர்களுக்கும் இது வாழ்நாள் முழுவதும் தேவை.

இரத்தப் பரிசோதனை முடிவு இயல்பாக வந்தவுடன் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அந்த முடிவு மாத்திரை வேலை செய்வதையே காட்டுகிறது; நோய் நீங்கியதை அன்று. உடலிலுள்ள தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய முதல் சில நாட்களில் எந்த மாற்றமும் தெரியாது. பின்னர் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடல் எடை கூடுதல் ஆகியவை மெல்லத் திரும்பும். மகப்பேற்றுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சில நிலைகளில் மட்டும் மருத்துவர் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு.

உட்கொள்ளும் முறை

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். அடுத்த 30 முதல் 60 நிமிடங்களுக்குக் காப்பி, தேநீர், சிற்றுண்டி கூடாது. காப்பி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. மாத்திரையை வெப்பம், ஈரம், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

பரிசோதனை

தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற இயக்குநீரைப் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கிறது. தைராக்சின் குறைந்தால் இது பொதுவாகக் கூடும்; மிகுந்தால் குறையும். மாத்திரையின் அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் கழித்துப் பார்த்தால்தான் சரியான நிலை தெரியும். அளவு நிலைபெற்றபின் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முடி வளர்ச்சிக்காகப் பலர் உண்ணும் பயோட்டின் இம்முடிவைப் பிறழச் செய்யலாம். ஆதலால் பரிசோதனைக்கு 2 நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

அளவு மாறும் சூழல்கள்

கருவுற்றவர்களுக்குத் தேவை கூடும். கருவின் மூளை வளர்ச்சி தொடக்க மாதங்களில் தாயின் தைராக்சினையே சார்ந்திருப்பதால், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரை அணுக வேண்டும். முதியவர்களுக்கு அளவு மிகுந்தால் இதயத்துடிப்பு சீர்கெடலாம், எலும்பும் தேயலாம். படபடப்பு, கைநடுக்கம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை அளவு மிகுந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போதும் தாமாக அளவைக் குறைக்காமல், பரிசோதனை செய்து மருத்துவர் வழி மாற்றுவதே முறை.