'மூலிகைச் சடங்கு' நடத்த வீடு வேண்டுமா? உஷார்!

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், "ரூம் வேணுங்களா சார்?" என்று ஒரு குரல் கேட்கும். ஓட்டல் மட்டுமா? காபித் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில்கூட இரண்டு அறை, மூன்று அறை ஒதுக்கி வாடகைக்கு விடுகிறார்கள். சீசனில் வருகிற காசுதான் மழைக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கும்.

அப்படி ஒரு வீட்டுக்கார அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். சீசன் முடிந்து அறைகள் காலி. புரோக்கர் தம்பி ஓடி வருகிறார்.

"அக்கா, வெளிநாட்டுக்காரங்க பத்துப் பேரு வர்றாங்க. மூணு நாளைக்கு வீடு முழுசும் வேணுமாம். வாடகை டபுளா தர்றாங்க!"

"எதுக்குப்பா? கல்யாணமா?"

"இல்லக்கா. தியானம் மாதிரி. ராத்திரி வட்டமா உக்காந்து ஏதோ கஷாயம் குடிப்பாங்களாம். மனசுல இருக்கிற பாரமெல்லாம் இறங்கிடுமாம். மூலிகைதானேக்கா... சாராயமா என்ன?"

அம்மாளுக்கு ஆசைதான். ஆனாலும் சேலத்தில் வக்கீலாக இருக்கும் கொழுந்தனாருக்கு ஒரு போன் போட்டார்.

"அண்ணி, அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"நல்லவேளை! வாங்காதீங்க. அது என்ன கஷாயம்னு முதல்ல கேளுங்க."

இந்த ஆட்கள் கற்பனை. ஆனால் வக்கீல் கேட்டாரே, அந்தக் கேள்விதான் முக்கியம். மலைப்பகுதியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிறவர்களும், 'மனசு சரியாகும்' என்று நம்பி வெளிநாட்டுக்குப் போகிற நம்மவர்களும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

அது என்ன கஷாயம்?

தென் அமெரிக்காவில் அமேசான் காட்டுப் பழங்குடியினர் ஒரு கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிப்பார்கள். அதன் பெயர் அயஹுவாஸ்கா. இலையில் டி.எம்.டி. என்ற பொருள் இருக்கிறது. இல்லாத காட்சிகளைக் கண்முன் காட்டுவது இதுதான். தனியாகச் சாப்பிட்டால் வயிற்றிலேயே சிதைந்துபோகும். அப்படிச் சிதையாமல் தடுப்பது கொடியில் உள்ள சத்து.

இன்னொன்று போதைக் காளான். இதில் உள்ள பொருள் சைலோசைபின். நம் கொடைக்கானலில் இந்தக் காளானைத் தேடி வருகிறவர்களும், விற்றுப் பிடிபடுகிறவர்களும் பல வருடங்களாகச் செய்தியில் அடிபடுகிறார்கள். மூன்றாவது, சிலவகைக் கள்ளிச் செடிகளில் கிடைக்கும் மெஸ்கலின்.

இவற்றை வைத்து நடத்தும் முகாம்களுக்குத்தான் 'மூலிகைச் சடங்கு', 'தாவர மருத்துவ முகாம்' என்றெல்லாம் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

பெயரை மாற்றினால் சட்டம் மாறுமா?

மாறாது. 1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலில் டி.எம்.டி., சைலோசைபின், மெஸ்கலின் மூன்றுமே இருக்கின்றன. மருத்துவத்துக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் உரிய அனுமதியோடு பயன்படுத்துவதைத் தவிர, தயாரிப்பது, வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, எடுத்துச் செல்வது, உட்கொள்வது எல்லாமே குற்றம்.

தண்டனை, பிடிபட்ட அளவைப் பொறுத்தது. 'சிறு அளவு' என்றால் ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வணிக அளவு' என்றால் குறைந்தது 10 வருடம், அதிகபட்சம் 20 வருடம். அபராதம் ஒரு லட்சத்தில் ஆரம்பிக்கும். ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

"காளான் தானா முளைக்குது, அதைப் போய் போதைப்பொருள்னு சொல்லலாமா?" என்று சிலர் கேட்பார்கள். கோர்ட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. 226 கிராம் போதைக் காளானும் 50 கிராம் காளான் கேப்சூலும் பிடிபட்ட ஒரு வழக்கில், 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. காளானின் மொத்த எடையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அதற்குள் எவ்வளவு சைலோசைபின் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். சைலோசைபினுக்கு வணிக அளவு 50 கிராம். மொத்த எடை என்றால் அதைத் தாண்டிவிடும். உள்ளிருக்கும் சத்து என்றால் மிகக் குறைவு. இதுதான் வித்தியாசம்.

இதை வைத்துக்கொண்டு, "காளான் இனிமே லீகல்" என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். தப்பு! அது ஜாமீன் உத்தரவு. எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் அங்கே பேச்சு. சைலோசைபின் இன்றும் பட்டியலில்தான் இருக்கிறது. அதோடு, வேறு பொருள் கலந்த போதைக் கலவை என்றால் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காய்ச்சி வைத்த ஒரு பானைக் கஷாயம் எந்தக் கணக்கில் வரும்? வழக்கு நடத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை கம்பி எண்ணுவது யார்?

வீட்டுக்காரர் என்ன செய்தார்?

"நான் வாடகைக்குத்தானே விட்டேன்?" என்று தப்பிக்க முடியாது. இந்தச் சட்டத்தின் 25-வது பிரிவை மலையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வீட்டையோ, அறையையோ, தோட்டத்தையோ, வாகனத்தையோ இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் *தெரிந்தே* அனுமதித்தால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை உரிமையாளருக்கும் உண்டு.

'தெரிந்தே' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். புரோக்கர், 'ராத்திரி கஷாயம் குடிப்பாங்க' என்று சொல்லிவிட்டார். அதற்காகவே இரட்டிப்பு வாடகையும் வாங்கியாயிற்று. பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றால் யார் நம்புவார்கள்?

சில முகாம்காரர்கள், வருகிறவர்களிடம் 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று கையெழுத்து வாங்குவார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்துக்கு விரோதமான காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

"இது எங்க மதச் சடங்கு" என்பார்கள். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மத சுதந்திரம் தருகிறது, உண்மைதான். ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டுத்தான் தருகிறது.

வடக்கே ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங் குடிப்பதைக் காட்டுவார்கள். 1985 சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ, காய்க்கும் நுனிப்பகுதி. அது சேராத வெறும் இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் சில வட மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங் கடை நடக்கிறது. அதைக் காட்டி இங்கே சேர்வராயன் மலையில் முகாம் போட முடியாது.

'எங்க ஊர்ல அனுமதி உண்டே!'

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பொய் சொல்லவில்லை. பெரு நாடு 2008-ல் அயஹுவாஸ்கா பற்றிய பாரம்பரிய அறிவைத் தேசியக் கலாசாரச் சொத்தாக அறிவித்தது. பிரேசிலில் மதச் சடங்குக்கு மட்டும் அனுமதி. அமெரிக்காவில் 2006-ல் ஒரு மதப் பிரிவுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓரிகன் மாநிலத்தில் 2023 முதல் உரிமம் பெற்ற மையங்களில் காளான் கொடுக்கிறார்கள். ஆனால் அதே அமெரிக்காவின் மத்திய அரசுச் சட்டத்தில் அது இன்னும் தடைப் பட்டியலில்! ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, வேறு மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல டாக்டர்கள் மட்டும் சைலோசைபின் எழுதிக் கொடுக்கலாம்.

கதவு மூடிய நாடுகளும் உண்டு. தாராளத்துக்குப் பேர்போன நெதர்லாந்தே 2008 டிசம்பரில் போதைக் காளானைத் தடை செய்தது. அயஹுவாஸ்காவுக்கும் அங்கே தடைதான் என்று 2019-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, ஒரு நாட்டில் கிடைத்த அனுமதி விமானம் ஏறி இன்னொரு நாட்டுக்கு வராது. இங்கே கொண்டுவந்தால் இறக்குமதிக் குற்றமும் சேர்ந்துகொள்ளும். வழக்கு முடியும்வரை ஊர் திரும்புவதே சிரமமாகிவிடும்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தடை செய்த பொருளை *வெளிநாட்டில்* உட்கொண்டிருந்தாலும் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். 'பெருவில்தானே குடித்தேன்' என்பது அங்கே எடுபடாது.

உடம்பு என்ன சொல்கிறது?

சட்டத்தை விடுங்கள். உடம்பைப் பாருங்கள்.

மனச்சோர்வுக்கு ஃப்ளூயாக்ஸெடின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் அயஹுவாஸ்கா குடித்தால் ஆபத்து. கொடியில் உள்ள சத்தும் மாத்திரையும் சேர்ந்து மூளையில் செரோட்டோனினை எக்கச்சக்கமாக ஏற்றிவிடலாம். கடும் காய்ச்சல், நடுக்கம், குழப்பம், வலிப்பு, உயிரிழப்புவரை போகலாம். வேதனை என்னவென்றால், இப்படிப்பட்ட முகாமைத் தேடிப் போகிறவர்களில் பலர் மனச்சோர்வு உள்ளவர்கள்தான். 'சடங்குக்கு முன்னாடி மாத்திரையை நிறுத்திடுங்க' என்று முகாம்காரர் சொல்வதைக் கேட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான். அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும். இதய நோயாளிகளுக்கு ஆகாது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ, இருதுருவ மனநோயோ இருந்திருந்தால், இது அந்த நோயைத் தட்டி எழுப்பிவிடலாம்.

காளானில் இன்னொரு கண்டம். காட்டில் பறிக்கிறவர் ஆள் மாறாட்டம் செய்துவிட்டால்? சில விஷக் காளான்களைத் தின்றால் ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. மறுநாள் சரியானது போலத் தோன்றும். ஆனால் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் நிலைமை கைமீறிவிடும்.

ஊமத்தையை 'சித்தர் மூலிகை' என்று கொடுக்கிறவர்களும் உண்டு. போதைப்பொருள் பட்டியலில் இது இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். சுத்தமான விஷம். வாய் உலரும், கண் மங்கும், பிதற்றல் வரும், இதயம் படபடக்கும். சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேர்க்கும் நச்சுப் பொருள்களுக்கென்றே மருந்துச் சட்டத்தில் தனிப் பட்டியல் இருக்கிறது. ஊமத்தை, எட்டி, கஞ்சா, அபின் எல்லாம் அதில் உண்டு. முறையாகச் சுத்தி செய்து, உரிமம் பெற்ற இடத்தில் தயாரித்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்து வீட்டில் பானையில் காய்ச்சித் தருவது சித்த மருத்துவம் ஆகாது.

நடு ராத்திரியில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது என்று வையுங்கள். பனி மூடிய மலை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போலீஸுக்குப் பயந்து, 'கொஞ்ச நேரத்துல சரியாயிடும்' என்று முகாம்காரர் தாமதித்தால்? போவது ஓர் உயிர்!

அப்படியானால் முகாமே கூடாதா?

யார் சொன்னது? யோகா, தியானம், எண்ணெய்க் குளியல், பதிவு பெற்ற சித்த மருத்துவரின் சிகிச்சை... தாராளமாக நடத்தலாம். நம் மருத்துவ முறைகளில் சிகிச்சை பெற வரும் வெளிநாட்டினருக்காக 2023-ல் 'ஆயுஷ் விசா' என்று தனி விசாவே வந்துவிட்டது. வீடு விடுகிறவர்கள் இவற்றை மட்டும் கவனித்தால் போதும்:

1. என்ன நிகழ்ச்சி, என்ன சாப்பிடக் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் வேண்டாம் என்று விடுங்கள்.

2. சிகிச்சை என்றால், மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்துப் பாட்டிலில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றப் பதிவு அதிகாரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஓர் இரவுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

4. 'புற்றுநோய் தீரும், சர்க்கரை தீரும்' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்களா? அதற்கும் 1954-ம் வருடச் சட்டம் தடை போடுகிறது. அந்த நோட்டீஸில் உங்கள் வீட்டு விலாசம் வேண்டாம்.

5. யாராவது எதையாவது சாப்பிட்டு மயங்கிக் கிடந்தால், முதலில் 108. என்ன சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மனப் பாரம் தாங்க முடியவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446. பழக்கத்துக்கு அடிமையானவர், சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ மாட்டியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுமையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே 1985 சட்டத்தில் இடம் இருக்கிறது. பயந்து ஒளிய வேண்டியதில்லை.

சரி, நம்ம அம்மாள் என்ன செய்தார்? புரோக்கரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்தக் கஷாயத்துல என்ன போடுறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாப்பா."

"அதெல்லாம் ரகசியமாம் அக்கா..."

"அப்ப வீடு இல்லைன்னு சொல்லிடு. வெறும் தியானம்னா வரச் சொல்லு. நம்ம தோட்டத்து காபியே போட்டுத் தர்றேன்!"