குழலைப் புரட்டினால் ஊர் தெரியும்

அப்பப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கின் பக்கத்தகட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் வெட்டியிருக்கிறதாம். அந்தப் பெயருக்குரியவர்தான் செய்தவரா, எந்தக் காலத்தில் செய்தார் என்று தீவகத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெயரை உடனே நம்ப வேண்டாம். விற்ற கடைக்காரரின் பெயராகவும் அது இருக்கலாம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செய்த மலிவான துவக்குகள் பல, ஆங்கிலேயரின் பெயர் போன்ற பெயர்களோடு உலகெங்கும் விலைபோயின. முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் புரட்டினால்தான் உண்மை தெரியும். அங்கே சிறு முத்திரைகள் இருக்கும். வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்திட்டுச் சுட்டு, அதைத் தாங்கிய குழலுக்கே சோதனைச்சாலை முத்திரை குத்தும்.

லியேஜ் என்றால் முட்டைவடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள், 1893 முதல் அதன்மேல் மகுடமும் உண்டு. பர்மிங்காம் சோதனைச்சாலை அமைந்தது 1813இல். 1904 வரை மகுடத்தின் கீழ், குறுக்காக வைத்த செங்கோல்களுக்கு இடையே, பி.பி.சி. என்றும் வி. என்றும் அங்கே குத்தினார்கள். வாய் குறுகிய குழலில் ரவைதான் போடலாம். தனிக்குண்டு போட்டால் குழல் பிளக்கலாம். அதை எச்சரிக்க, “குண்டுக்கு அல்ல” என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகத்தை 1875 முதல் 1887 வரை பொறித்தார்கள். அந்த வரி கண்ணில் பட்டால் துவக்கின் காலம் பன்னிரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

தீவகத்தாருக்கு இன்னும் நெருக்கமானது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. 1602இல் தொடங்கிய அந்தக் கம்பனிக்கு ஆறு கிளைகள். மாட்டுக்குக் குறி சுடுவதுபோல, ஒவ்வொரு கிளையும் கம்பனியின் வி.ஓ.சி. குறியோடு தன் முதலெழுத்தையும் படைக்கலங்களில் பதித்தது: ஆம்ஸ்டர்டாமுக்கு ஏ, டெல்ஃப்டுக்கு டி, ரொட்டர்டாமுக்கு ஆர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதே நகரங்களின் பெயர்களைத்தான் இங்குள்ள தீவுகளுக்கும் வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, அனலைதீவு ரொட்டர்டாம் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. நெடுந்தீவின் ஆங்கிலப் பெயர் இன்றும் அதுதான். கம்பனி 1799இல் கலைந்தது. ஆகவே உண்மையான வி.ஓ.சி. முத்திரையுள்ள துவக்கு அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைவிட, துருவை நீக்குகிறோம் என்று அரத்தால் ராவுவதே பெரிய அழிவு. துருவோடு முத்திரையும் போய்விடும். அதற்குப் பிறகு நிபுணருக்கும் ஊரைச் சொல்வது கடினம். பழைய துவக்கு கையில் இருப்பவர்கள் முதலில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழலில் மருந்து இல்லையென்று தெரிந்தவரைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். கறுப்பு மருந்துக்காகச் செய்த குழலில் இன்றைய தோட்டாவை இட்டுச் சுடவே கூடாது. எண்ணெய்த் துணியால் மட்டும் துடையுங்கள். முத்திரைகளைக் கிட்டத்தில் படமெடுத்து வையுங்கள்.