முகத்தில் வெட்டு விழுந்த தங்கக் காசுகள்

செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு புதையல் கிடைத்தது. மொத்தம் 501 ரோமானியத் தங்கக் காசுகள்! அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் வெளியிட்டவை. பெரும்பாலான காசுகளில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இனி இது நாணயமல்ல, எடை போட்டு வாங்கும் தங்கம் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்பது ஒரு விளக்கம். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் ரோமானியருக்கு அது வழிபாட்டுக்குரிய முகம். அகஸ்டஸ் உயிரோடு இருந்தபோதே மாகாணங்களில் அவருக்குக் கோயில்கள் எழுந்தன. கலாத்தியா மாகாணத்துக் கோயிலின் சுவர்கள் துருக்கியின் அங்காரா நகரில் இன்றும் நிற்கின்றன. கி.பி. 14-இல் அவர் இறந்ததும் செனட் சபை அவரைத் தெய்வமாகவே அறிவித்தது. அடுத்து வந்த டைபீரியஸ், 'தெய்வ அகஸ்டஸின் மகன்' என்று தன் காசுகளில் பொறித்துக்கொண்டார்.

இன்னொரு வியப்பு! சேரர் துறைமுகமான முசிறிக்குப் பக்கத்திலேயே ஓர் அகஸ்டஸ் கோயிலைக் காட்டுகிறது, பியூட்டிங்கர் வரைபடம் எனப்படும் பழைய ரோமானிய நிலப்படம். மிளகு வாங்க வந்து தங்கிய மேலைநாட்டு வணிகர்கள் அங்கே வழிபட்டிருக்கலாம்.