எந்தச் சாளரம் எந்தத் திரையில்?

ஸ்மார்ட் வகுப்பறையில் பாடக் காணொளி ஓடிக்கொண்டிருக்கிறது. அதே கணினியில் அவசரமாக எமிஸ் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாளரம் புரொஜெக்டர் திரையில் திறந்தால் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் சமூகப் பிரிவும் வகுப்பு முழுவதற்கும் தெரியும். நாம் அதை இழுத்து ஓரங்கட்டுவதற்குள் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள். இதை நம் கவனத்தை மட்டும் நம்பி விடாமல், கணினியிடமே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். அதற்குப் பெயர் சாளர விதி.

ஒரு செயலி தன் சாளரத்தின் உள்ளடக்கத்தை மட்டுமே வரைகிறது. அது எந்தத் திரையில், எந்த இடத்தில், எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதைக் கவனிப்பது சாளர மேலாளர் என்னும் வேறொரு மென்பொருள். லினக்ஸின் கேடிஇ மேசைத்தளத்தில் இதன் பெயர் கேவின். விதியை மேலாளரிடம் சொல்வதால் செயலியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கூரத்திலும் காஞ்சிபுரத்திலும் தறியைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை ஜக்கார்டு அட்டையைக் கொண்டு விளக்கலாம். அட்டையில் துளை உள்ள இடத்துக்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்து இழை கீழேயே நிற்கும். நெய்பவர் ஒவ்வோர் இழையாகக் கையால் தூக்குவதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இழைகளுக்கு இடம் நிலையானது. சாளரங்களோ எந்த வரிசையிலும் திறக்கும். ஆகவே விதிக்கு முதலில் அடையாளம் வேண்டும், பிறகுதான் செயல்.

அடையாளத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தலைப்புப் பட்டையில் உள்ள பெயரைக் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கோப்பு மாறினால் தலைப்பும் மாறிவிடும். மாறாதது, செயலி தனக்குச் சூட்டிக்கொள்ளும் வகைப்பெயர். லிப்ரே ஆபீஸில் ரைட்டருக்கும் கால்க்குக்கும் வகைப்பெயர் தனித்தனி என்பதால் இரண்டுக்கும் வெவ்வேறு விதி எழுதலாம்.

உலாவியில் இது உதவாது. பயர்பாக்ஸில் எமிஸைத் திறந்தாலும் திக்‌ஷாவைத் திறந்தாலும் வகைப்பெயர் ஒன்றுதான். தலைப்பை நம்பலாமென்றால், சாளரம் பிறக்கும் நொடியில் பக்கத்தின் தலைப்பு வந்திருக்காது. நான் பரிந்துரைப்பது எளிய வழி: பாடத்துக்குப் பயர்பாக்ஸ், எமிஸுக்கு மட்டும் குரோமியம். இரண்டு உலாவி, இரண்டு வகைப்பெயர், குழப்பமில்லை.

குரோமியம் சாளரத்தைத் திறந்து ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'மோர் ஆக்‌ஷன்ஸ்' பகுதிக்குள் அந்தச் செயலிக்கான சிறப்பு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வகைப்பெயரை அதுவே நிரப்பிக்கொள்ளும். பிறகு 'ஸ்கிரீன்' என்னும் பண்பைச் சேர்த்து, ஆசிரியர் பார்க்கும் திரையைக் குறிக்க வேண்டும். புரொஜெக்டர் 'எக்ஸ்டெண்ட்' முறையில் இணைந்திருப்பது அவசியம். ஒரே காட்சி இரு திரையிலும் தெரியும் முறையில் இந்த விதியால் பயனில்லை.

ஒவ்வொரு பண்புக்கும் அருகில், விதி எவ்வளவு கண்டிப்பானது என்றும் கேட்கும். 'அப்ளை இனிஷியலி' என்றால் திறக்கும்போது மட்டும். பிறகு நம் விருப்பம். 'ரிமெம்பர்' என்றால் கடைசியாக விட்ட நிலை அடுத்த முறையும் வரும். 'ஃபோர்ஸ்' என்றால் எப்போதும். எமிஸுக்கு 'ஃபோர்ஸ்' பொருந்தும். மாணவர் கணினிகளில் அதைத் தவிர்ப்பது நல்லது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்கிராச் செய்யும்போது சாளர அளவை 'ஃபோர்ஸ்' என்று பூட்டிவிட்டால், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை அதைப் பெரிதாக்க முயன்றாலும் முடியாது. அங்கே 'அப்ளை இனிஷியலி' போதும்.

விண்டோஸில் இத்தகைய விதிப்பட்டியல் உள்ளமைந்து வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள ஃபேன்சிஸோன்ஸ், ஒரு செயலி கடைசியாக இருந்த பகுதியிலேயே அதை மீண்டும் திறக்க வைக்கும். ஏறக்குறைய 'ரிமெம்பர்' போலத்தான்.

புரொஜெக்டரைக் கழற்றி மாட்டும்போது திரைகளின் வரிசை எண் மாறக்கூடும். ஆகவே பிள்ளைகள் வருமுன், குரோமியத்தில் வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து அது எந்தத் திரையில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.